மின் நிறுவனத்தின் பெயர் எங்கே கெடுகிறது? கடலூர், புதுச்சேரி அலுவலர்களுக்கான இடர்ப் பதிவேடு: முழுமையான வழிகாட்டி

கடலூரிலிருந்து வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் நெய்வேலி. இந்தச் சிறிய வட்டாரத்துக்குள் மூன்று விதமான மின் அமைப்புகள் இயங்குகின்றன. நெய்வேலியில் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் உள்ள என்எல்சி இந்தியா நிறுவனம் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் தயாரிக்கிறது. கடலூர் மாவட்ட வீடுகளுக்கு விநியோகிப்பது மாநில அரசின் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். புதுச்சேரியில் மின்சாரத்தை வழங்குவது நிறுவனமே அல்ல, அரசின் ஒரு துறை. இந்த மூன்றும் அரசியலால் அடிபட்டிருக்கின்றன, மூன்றும் மக்களின் கோபத்தைச் சந்தித்திருக்கின்றன.

செயற்பொறியாளர், மக்கள் தொடர்பு அலுவலர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், நுகர்வோர் அமைப்பில் இருப்பவர் என யாருக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன். இதன் அடிப்படைக் கருத்து ஒன்றுதான். மின் நிறுவனத்தைத் தாக்கும் அரசியல் புயல் எதுவும் திடீரென்று வருவதில்லை. கம்பியாளர், கணக்கீட்டாளர், நில அளவையர் போன்றவர்களில் ஒருவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். அவர் சொன்னதைக் கேட்டு எழுதிவைத்து மேலே கொண்டுசெல்ல வழி இருந்ததா என்பதைப் பொறுத்தே பாதிப்பின் அளவு அமைகிறது. எது கெடக்கூடும், யார் எச்சரித்தார், யார் எப்போது சரிசெய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் இடர்ப் பதிவேடு அந்த வழியை உண்டாக்குவதற்கான கருவி.

முதல் படி: முடிவு யாருடையது, வசை யாருக்கு?

பதிவேட்டைத் தொடங்கும் முன் ஒரு தாளில் அதிகார வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு பெயர்கள் எழுத வேண்டும்: முடிவெடுப்பவர், மக்கள் திட்டப்போகிறவர். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடங்கள் குறைவு. அவை வேறுபடும் ஒவ்வோர் இடமும் ஓர் இடர்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்துறைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர் இருக்கிறார். அவருக்கு மேல் முதலமைச்சர், துணைநிலை ஆளுநர், மத்திய அரசு. கட்டணத்தைத் தீர்மானிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதன் அலுவலகம் ஹரியானாவின் குருகிராமில் இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த மாகேயைச் சுற்றிக் கேரளம், ஏனாமைச் சுற்றி ஆந்திரம், காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு. அங்கே இருக்கும் நுகர்வோர் தன் கட்டணத்தையும் மின்தடையையும் பக்கத்து மாநிலத்தோடுதான் ஒப்பிடுவார். குருகிராமில் எழுதப்படும் ஆணைக்கு உருளையன்பேட்டையில் இருக்கும் இளநிலைப் பொறியாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் வரைபடம் சற்று எளிது, ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, அரசு யாருக்காவது மானியம் தர விரும்பினால் அந்தத் தொகையை முன்கூட்டியே நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். விவசாயத்துக்கு இலவச மின்சாரம், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் ஆகியவை மக்கள் மதிக்கும் அரசியல் முடிவுகள். அவற்றுக்கான பணம் தாமதமானால் நிறுவனத்தின் கடன் ஏறுகிறது. கடன் ஏறினால் "நிர்வாகச் சீர்கேடு" என்ற தலைப்பில் செய்தி வருகிறது. மானிய வரவின் நிலுவையைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

இரண்டாம் படி: கீழேயிருந்து கேளுங்கள்

என் பார்வையில் முழு வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் ஆலோசகரை அழைத்து, குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து இடர்களைப் பட்டியலிடுகின்றன. அப்படி வரும் பட்டியலில் இணையத் தாக்குதல், எரிபொருள் விலை, பருவநிலை மாற்றம் எல்லாம் இருக்கும். தாழ்வாகத் தொங்கும் கம்பியின் அடியில் கரும்பு லாரி போவது இருக்காது.

ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கம்பியாளர், கேங்மேன், கணக்கீட்டாளர், வசூல் கவுன்ட்டரில் உட்காருபவர், ஒப்பந்தத் தொழிலாளி ஆகிய அனைவரும் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியை விட்டுவிடாதீர்கள். ஆபத்தான வேலையை அதிகம் பார்க்கிறவர் அவரே. கேட்க வேண்டிய கேள்விகள் சில:

• இந்த மாதம் எந்தத் தெருவில் உங்களைத் தடுத்து நிறுத்தினார்கள்? எதற்காக?
• நீங்கள் பார்த்துப் பயந்த கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் எது?
• எந்த விஷயத்துக்கு மூன்றாவது முறையாகப் புகார் வந்திருக்கிறது?
• யாருடைய பெயரைச் சொல்லி யார் இணைப்பு கேட்கிறார்கள், யார் பணம் கேட்பதாகப் பேச்சு அடிபடுகிறது?
• மேலிடத்திலிருந்து வந்த எந்த உத்தரவை மக்களிடம் விளக்க உங்களால் முடியவில்லை?

நான்காவது கேள்விக்கு முதல் சில மாதங்கள் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். புதிய இணைப்புக்கோ கம்பம் மாற்றவோ கையூட்டு கேட்கும் பழக்கம் ஒரு மின் அலுவலகத்தின் பெயரை வேறு எதையும்விட ஆழமாக அரிக்கிறது. அதைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பதிவேடு வெறும் காகிதமாகிவிடும். அதனால் அந்தப் பதிலைத் தனி உறையில், பெயரில்லாமல், பல பிரிவு அலுவலகங்களுக்கு மேலுள்ள வட்ட அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பும் முறையை வையுங்கள். மற்ற பதில்களைச் சொன்னவரின் பதவியோடு எழுதுங்கள். ஒருவர் எச்சரித்தார் என்பது எழுத்தில் இருந்தால், "எனக்குத் தெரியாது" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. சொன்னவருக்கும் அது மரியாதை.

மூன்றாம் படி: இடர்களை வகை பிரியுங்கள்

வந்த செய்திகளைக் கட்டணம், நிலம், உடைமை (நிறுவனம் யார் கையில் இருக்கிறது என்பது), வேலை, உயிர், இயற்கைச் சீற்றம் என ஆறாகப் பிரிக்கலாம். இவை எல்லாவற்றையும் சம அளவில் பேசத் தேவையில்லை. இந்த வட்டாரத்தின் வரலாறு நிலத்தையும் உடைமையையும் பற்றித்தான் அதிகம் கற்றுத்தருகிறது.

கட்டணத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண ஆணையிலேயே, அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு ஜூலையிலும் பணவீக்கத்தை ஒட்டிக் கட்டணம் திருத்தப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் முன்பே தெரிந்த ஒரு நிகழ்வு ஒவ்வொரு ஜூலையிலும் அதிர்ச்சிச் செய்தியாக வருகிறதென்றால், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று பொருள். அதேபோல, வீட்டு நுகர்வு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே பயன்படுத்திய யூனிட்டுகளுக்கான கட்டண விகிதமும் மாறுகிறது. கணக்கீட்டாளர் சில நாள் தாமதமாக வந்ததால் 500-ஐத் தாண்டிய குடும்பம், தான் ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கும். கணக்கெடுப்புத் தேதி தவறிய வீடுகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒரு நகரத்தின் மனநிலையை அந்த எண் நன்றாகக் காட்டும்.

இனி நிலம். 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், என்எல்சி இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணி தொடங்கியது. வயலில் நெற்பயிர் நின்றது. மண்வெட்டி இயந்திரங்கள் பச்சைப் பயிரின் மேல் இறங்கும் காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. இரண்டு நாள் கழித்து பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலியில் நடத்திய முற்றுகை கலவரத்தில் முடிந்தது. அதன் தலைவர் அன்புமணி ராமதாஸ் கைது செய்யப்பட்டார். அறுவடைவரை காத்திருக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது.

நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி கையகப்படுத்தப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது, கால்வாய் அவசரம் என்பவை நிறுவனத்தின் வாதங்கள். சட்டத்தின் முன் அவை நிற்கலாம். ஆனால் நெல்லை அழிப்பதைத் தமிழ்ச் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பதை அறிய ஆலோசகர் தேவையில்லை. அந்த வயலோரம் நின்ற எந்தக் களப்பணியாளரிடம் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்கும். அதே ஆண்டு ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி உட்பட மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களில் மத்திய அரசு அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏப்ரலில் அவ்வளவு தெளிவாகக் கேட்ட குரல் ஜூலையில் மறந்துபோகக் கூடாது.

ஆகவே நிலம் தொடர்பான ஒவ்வொரு பதிவிலும் நான்கு தகவல்கள் கட்டாயம் இருக்கட்டும்: நிலத்தில் இப்போது என்ன நிற்கிறது, அறுவடை எப்போது, இழப்பீட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி, வேலை தருவதாக எந்த ஆண்டில் யார் வாக்களித்தார். கடைசித் தகவலைப் பெரும்பாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலம் கொடுத்த குடும்பங்கள் அதைத் தலைமுறை தாண்டியும் நினைவில் வைத்திருக்கின்றன. உயர் அழுத்தக் கோபுரம் நடுவதற்கும் டிரான்ஸ்பார்மர் வைக்க இடம் கேட்பதற்கும் இதே நான்கும் பொருந்தும்.

உடைமை மாற்றம் இன்னும் கூர்மையானது. 2006-இல் என்எல்சியின் பங்குகளை விற்க மத்திய அரசு முயன்றபோது, கூட்டணியில் இருந்த திமுக எதிர்த்தது. அந்த எதிர்ப்பால் நாட்டின் எல்லாப் பங்கு விற்பனைகளையும் பிரதமர் மன்மோகன் சிங் நிறுத்திவைத்தார். 2013-இல் மீண்டும் விற்பனைப் பேச்சு வந்தபோது ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல்வர் ஜெயலலிதாவின் யோசனைப்படி தமிழ்நாடு அரசின் ஐந்து பொதுத்துறை நிறுவனங்கள் 3.56 சதவீதப் பங்குகளை வாங்கின. கட்சிகள் மாறினாலும் நெய்வேலி பற்றிய நிலைப்பாடு மாறவில்லை. இதை மனத்தில் கொள்ளாமல் எந்த நிதித் திட்டமும் இங்கே போடக் கூடாது.

புதுச்சேரியில் நடந்தது அண்மைக்காலம். 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியார்மயமாகும் என்று டெல்லியில் அறிவித்தார். 2022 செப்டம்பர் இறுதியில் புதுச்சேரியில் ஒப்பந்தப்புள்ளி வெளியானதும் மின்துறை ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் பல பகுதிகள் இருளில் கிடந்தன, மக்கள் சாலை மறியலில் இறங்கினார்கள், பாதுகாப்புக்குத் துணை ராணுவப் படையினர் வந்தார்கள். முதல்வர் ரங்கசாமியுடன் நடந்த பேச்சுக்குப் பிறகே ஊழியர்கள் பணிக்குத் திரும்பினார்கள்.

ஊழியருக்கு அரசுப் பணி என்ற தகுதியும் ஓய்வூதியமும் கேள்வி. வீட்டுக்காரருக்குக் கட்டணம் கேள்வி. ஏழைக்கு இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்பது கேள்வி. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் ஒப்பந்தப்புள்ளியை வெளியிடுவது, என் கருத்தில், எந்த ஆட்சியும் தவிர்க்க வேண்டிய வழி. தனியார்மயம் சரியா தவறா என்ற வாதம் தனி. எந்தப் பக்கம் நின்றாலும், முதலில் அந்த மூன்று பதில்கள் வேண்டும். முன்கட்டண ஸ்மார்ட் மீட்டருக்கும் இதே நிலைதான். மீட்டர் வந்தால் இலவச மின்சாரம் போய்விடும் என்று விவசாயி அஞ்சுகிறார். இருப்புத் தீர்ந்தால் இரவில் விளக்கு அணைந்துவிடும் என்று கூலித்தொழிலாளி அஞ்சுகிறார். மீட்டர் பெட்டி வீட்டு வாசலுக்கு வரும் முன்பே பதில் வந்திருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளூர் இளைஞருக்கு எத்தனை இடம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரம் எப்போது என்ற இரு கேள்விகளும் ஆண்டுதோறும் வரும். எண்களை மறைக்காமல் வெளியிடுவதே தற்காப்பு.

நான்காம் படி: எடை போடுங்கள்

ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போட்டுப் பெருக்கும் வழக்கமான முறை அரசியல் இடருக்குப் போதாது. அதற்குப் பதில் மூன்று கேள்விகள் போதும். நடந்துவிட்டால் திருத்த முடியுமா? இதைக் கையிலெடுக்கக் காத்திருக்கும் கட்சி, சங்கம், அமைப்பு எது? நாட்காட்டியில் எப்போது விழுகிறது?

மூன்றாவது கேள்வி இங்கே மிக முக்கியம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சட்டமன்றத் தேர்தல் 2011, 2016, 2021 என ஒரே சமயத்தில், கோடையை ஒட்டி நடந்திருக்கிறது. கோடையில் தேவை உச்சத்தில் இருக்கும், மின்தடை அதிகம் உறைக்கும். 2011 தேர்தலில் மின்வெட்டு எப்படிப் பேசப்பட்டது என்பது பலருக்கும் நினைவிருக்கும். பிப்ரவரியில் செய்து முடிக்கக்கூடிய பராமரிப்பை ஏப்ரலுக்குத் தள்ளுவது தொழில்நுட்பத் தவறு மட்டும் அல்ல. சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி மாட்டி, தேர்தல், சம்பா அறுவடை, பொதுத் தேர்வு, வடகிழக்குப் பருவமழை, மாசிமகம், ஜூலைக் கட்டணத் திருத்தம் எல்லாவற்றையும் குறியுங்கள். திருத்த முடியாதது, கையிலெடுக்க ஆள் இருப்பது, நாட்காட்டியில் அறுபது நாட்களுக்குள் வருவது ஆகிய மூன்றும் சேர்ந்த பதிவுகளைச் சிவப்பில் எழுதி அன்றே மேலே அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: புயலுக்குமுன் பேசுங்கள்

இந்தக் கரையில் மின் நிறுவனத்தின் பெயர் உயர்வதும் தாழ்வதும் புயல் நாட்களில்தான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ என்ற புயல் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பண்ருட்டிப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் அழிந்தன. கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அடுத்து தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது.

காற்று வலுக்கும்போது பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறோம். அறிவிக்காவிட்டால் மக்கள் கண்ணுக்கு அது அலட்சியம். நிறுத்துவதற்கு முன்பே காரணத்தைச் சொல்லி, குடிநீர் தொட்டியை நிரப்பவும் கைப்பேசியை மின்னேற்றவும் நேரம் கொடுங்கள். புயலுக்குப் பின் "விரைவில் வரும்" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். மருத்துவமனை, குடிநீர் ஏற்று நிலையம், பிறகு எந்த ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் மின்பாதை), அதற்குப் பிறகு எது என்ற வரிசையை வெளியிடுங்கள். கடைசியில் இருக்கும் ஊருக்குக் கோபம் வரும். ஆனால் எதுவும் தெரியாமல் காத்திருக்கும் ஊரின் கோபம் அதைவிடப் பெரிது. வெளி மாவட்டத்திலிருந்து வந்து கம்பம் நடும் பணியாளர் எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். நிறுவனத்தின் முகமாக அந்த நாட்களில் மக்கள் பார்ப்பது அவரைத்தான்.

ஆறாம் படி: உயிர் போனால்

இதற்குத் தனிப் பக்கம் வேண்டும். நெய்வேலி இரண்டாம் அனல் மின்நிலையத்தில் 2020 மே 7 அன்று கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம்கூட முடியாத நிலையில் ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்தது. இரண்டிலும் தொழிலாளர்கள் மாண்டார்கள். முதல் விபத்தைவிட இரண்டாவது விபத்து நிறுவனத்தின் மீதான நம்பிக்கையை அதிகம் உடைத்தது, ஏனென்றால் முதலாவதிலிருந்து என்ன கற்றார்கள் என்ற கேள்விக்கு அதுவே பதிலாகிவிட்டது.

மின்விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்குள் எழுத்துமூல அறிக்கை என்பது விதி. அதோடு நிற்காதீர்கள். முதலில் பொறுப்பான ஓர் அதிகாரி, கீழ்நிலை ஊழியரை அனுப்பாமல் தானே, குடும்பத்திடம் செல்ல வேண்டும். ஊடகத்துக்குச் சொல்லும் முன் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். விசாரணை முடியும் முன்பு இறந்தவரின் கவனக்குறைவு என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. சொன்னவரின் பெயர் அந்த ஊரில் அழியாது. இறந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி என்றால், "எங்கள் ஊழியர் அல்ல" என்று தள்ளிவிடாதீர்கள். அன்று யார் எந்தப் பணியில் இருந்தார் என்ற பட்டியலை ஒவ்வொரு பணிநேரத்திலும் தயாராக வைப்பது மனிதக் கடமை. கம்பி அறுந்து மாடு இறந்தாலும் இதே மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். பால் விற்று வாழும் குடும்பத்துக்கு அது வாழ்வாதாரம்.

ஏழாம் படி: யார் பேசுவது?

வட்டத்துக்கு ஒருவர் என்று எழுதிவையுங்கள். அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதையும். வாட்ஸ்அப்பில் வதந்தி பரவினால் அதே வடிவில், அதே நாளில், எளிய தமிழில் பதில் போக வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தை எதிரிகளின் மேடையாக நினைக்காதீர்கள். அங்கே வந்து பேசுகிறவர் சாலைக்குப் போகாமல் சட்ட வழியில் வந்தவர். அவர் சொன்னதற்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்குக் கட்டடம் கட்டுவது நல்லதுதான், ஆனால் இழப்பீட்டுப் பாக்கியை அது ஈடுசெய்யாது. கிராமத்தார் இரண்டையும் தனித்தனியாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

எட்டாம் படி: ஒரு மாதிரிப் பதிவு

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பதிவைத் தருகிறேன். இந்த அளவு சுருக்கம் போதும்.

இடம்: கடலோரக் கிராமம், மீன் இறங்குதளம் அருகே உள்ள டிரான்ஸ்பார்மர்.
செய்தி: உப்புக்காற்றில் கம்பத்தின் அடிப்பகுதி அரித்திருக்கிறது, கீழே பெண்கள் மீன் பிரிக்கிறார்கள்.
முதலில் சொன்னவர்: கம்பியாளர். புகார் வந்த எண்ணிக்கை: மூன்றாம் முறை.
வகை: உயிர், இயற்கைச் சீற்றம்.
திருத்த முடியுமா: விழுந்தால் முடியாது.
கையிலெடுக்கக்கூடியவர்கள்: ஊர்ப் பஞ்சாயத்து, மீனவர் சங்கம்.
நாட்காட்டி: அக்டோபரில் பருவமழை தொடங்கும்.
செய்ய வேண்டியது: கம்பம் மாற்றம், அதுவரை மீன் பிரிக்கும் இடத்தை மாற்ற ஊராரோடு பேச்சு.
பொறுப்பு: உதவிப் பொறியாளர். இறுதி நாள்: செப்டம்பர் 20.
தாமதமானால் கையெழுத்திட வேண்டியவர்: செயற்பொறியாளர், காரணத்தோடு.

கடைசி வரியை எந்தப் பதிவிலும் விட்டுவிடாதீர்கள். தாமதத்துக்கு ஒருவர் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று வந்தபிறகு, மூன்றாம் முறை வந்த புகார் நான்காம் முறைக்குப் போவது வெகுவாகக் குறையும்.